முப்படைகளுக்கும் மேலே ஒருவர்: அவரால் என்ன முடியும், என்ன முடியாது

அமெரிக்க ராணுவத்தில் மிக உயர்ந்த இடத்தில் இருக்கும் அதிகாரியால் ஒரு பட்டாலியனைக்கூடப் போருக்கு அனுப்ப முடியாது. கிண்டலுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுப் படைத் தளபதிகள் குழுவின் தலைவர் என்ற பதவியில் இருப்பவர் சீருடை அணிந்த எல்லோருக்கும் மேலானவர் என்று ஒரு வாக்கியம். எந்தப் படைக்கும் அவர் கட்டளையிடக் கூடாது என்று அதற்கு அடுத்த வாக்கியம்.

முதன்முறை படிக்கிறவருக்கு இது விநோதமாகத்தான் தெரியும். கட்டளை அதிகாரம் இல்லையென்றால் அப்புறம் அவர் எதற்கு? ராணுவத்தில் உயரம் வேறு, அதிகாரம் வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பல ஜனநாயக நாடுகள் இந்த இரண்டும் மொத்தமாக ஒரே ஆளின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே மெனக்கெட்டு விதிகள் எழுதியிருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசியல் சாசனங்கள் படைகளின் உச்சத் தலைமை என்று குறிப்பிடுகிற நபர் பெரும்பாலும் ராணுவ அதிகாரியே இல்லை. இந்தியாவில் அது குடியரசுத் தலைவர், சாசனத்தின் 53-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பிரிட்டனில் மன்னர். அமெரிக்காவில் அதிபர். இவர்களில் இந்தியக் குடியரசுத் தலைவரும் பிரிட்டிஷ் மன்னரும் பெயரளவில்தான், முடிவெடுப்பது பிரதமரும் அமைச்சரவையும். அமெரிக்க அதிபர் அப்படியில்லை, அவர் நிஜமாகவே கட்டளையிடுகிறவர். ஜெர்மனியில் அமைதிக் காலத்தில் கட்டளை அதிகாரம் பாதுகாப்பு அமைச்சரிடம் இருக்கும், நாடு தாக்கப்பட்டு பாதுகாப்பு நிலை அறிவிக்கப்பட்டால் அது சான்சலருக்குக் கைமாறும். இந்த அரசியல்வாதிகளுக்கெல்லாம் கீழே, சீருடை போட்டவர்களில் முதல் ஆளாக நிற்பவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். இந்தியாவில் அவரை முப்படைத் தலைமைத் தளபதி என்கிறோம்.

சரி, தரைப்படைக்கு ஒரு தளபதி, கடற்படைக்கு ஒரு தளபதி, விமானப்படைக்கு ஒரு தளபதி என்று ஏற்கெனவே மூன்று பேர் இருக்கும்போது நான்காவதாக ஒருவர் எதற்கு? காரணம் எளிது. மூன்று படைகளுக்கும் தனித்தனிப் பெருமை, தனித்தனி பட்ஜெட், தனித்தனி பயிற்சி, தனித்தனி வானொலிக் கருவிகள்கூட. அமைதிக் காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் எதுவும் கண்ணில் படாது. மூன்றும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டிய நாளில்தான் தெரியும்.

அமெரிக்காவுக்கு அது 1980 ஏப்ரலில் தெரிந்தது. தெஹ்ரானில் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த தூதரக ஊழியர்களை மீட்க ஒரு ரகசிய நடவடிக்கை. ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் வீரர்கள், பெரிய போக்குவரத்து விமானங்கள் விமானப்படையுடையவை, உள்ளே புகுந்து மீட்க வேண்டியவர்கள் தரைப்படையின் டெல்டா பிரிவு. இத்தனை பேரும் ஒன்றாக நின்று முழு ஒத்திகை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கிளம்பிய 8 ஹெலிகாப்டர்களில் பறக்கும் நிலையில் மிஞ்சியது 5 தான், திட்டம் பாலைவனத்திலேயே கைவிடப்பட்டது. திரும்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தின் மீது மோதி 8 வீரர்கள் இறந்தார்கள். 3 வருடம் கழித்து கிரெனடா தீவில் அமெரிக்கா இறங்கியபோது எதிரி சின்னவன்தான், அப்போதும் தரையில் நின்ற வீரர்களால் கடலில் நின்ற கப்பல்களோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை, கருவிகள் ஒத்துப்போகவில்லை.

இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்துதான் 1986-இல் கோல்ட்வாட்டர்–நிக்கல்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தன. கூட்டுப் படைத் தளபதிகள் குழுத் தலைவர் பதவி அதற்கு முன்பே, 1949 முதலே இருந்தது, முதல் ஆள் ஜெனரல் ஒமர் பிராட்லி. ஆனால் அதுவரை படைத் தளபதிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழுவாகத்தான் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது முறை. குழு என்றால் என்ன ஆகும்? யாருக்கும் மனம் நோகாத, யாருடைய பட்ஜெட்டும் குறையாத, படித்தால் ஒன்றும் புரியாத ஒரு ஆலோசனை வெளியே வரும். 1986 சட்டம் அதை மாற்றி, அதிபருக்கும் பாதுகாப்பு அமைச்சருக்கும் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலுக்கும் முதன்மை ராணுவ ஆலோசகர் குழு அல்ல, அதன் தலைவர் ஒருவரே என்றது. மற்ற தளபதிகளுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் அவர் மேலே கொண்டுபோக வேண்டும். கூடவே இன்னொரு காரியமும் செய்தது. கட்டளை அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கு, அவரிடமிருந்து நேராக, பல படைகளையும் சேர்த்துக் களத்தில் வழிநடத்தும் கூட்டுக் கட்டளையகத் தளபதிகளுக்குப் போகும் என்று வகுத்தது. நடுவில் இவர் இல்லை. கட்டளையை எடுத்துச் சொல்லும் வழியாக அவரைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

அதாவது ஒரே சட்டம் ஒரு கையால் அவருடைய குரலை உயர்த்தியது, மறு கையால் படைகளை அவரிடமிருந்து தள்ளி வைத்தது. இது முரண்பாடு இல்லை, விலை. எல்லாப் படைகளின் சார்பிலும் ஆட்சியாளரின் காதில் பேசும் உரிமை உனக்கு மட்டும்தான், அதற்குப் பதிலாகப் படைகளைத் தொடக் கூடாது என்ற ஒப்பந்தம்.

இந்தியாவின் கதையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போனது, ஆனால் மிக மெதுவாக. 1999 கார்கில் போருக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு பாதுகாப்பு நிர்வாகத்தில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது, அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001-இல் முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த வருடமே அவருக்கு வேண்டிய ஒருங்கிணைந்த தலைமையகமும் உருவாகிவிட்டது. தலைமையகம் வந்தது, தலைவர் வரவில்லை. 18 வருடம் கழித்து, 2019 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மோடி சுதந்திர தின உரையில் அறிவித்து, 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஜெனரல் பிபின் ராவத் பொறுப்பேற்றார்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புகளைப் பார்த்தால் இந்தப் பதவியின் இயல்பு நன்றாகப் புரியும். பாதுகாப்பு அமைச்சருக்கு முப்படை விஷயங்களில் முதன்மை ராணுவ ஆலோசகர். படைத் தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர். பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே ராணுவ விவகாரத் துறை என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதற்குச் செயலாளரும் அவரே. அணு ஆயுதக் கட்டளை ஆணையத்துக்கு ராணுவ ஆலோசகரும் அவர்தான். இத்தனையும் கொடுத்துவிட்டு, மூன்று படைத் தளபதிகள் உட்பட யார் மீதும் அவருக்கு ராணுவக் கட்டளை அதிகாரம் கிடையாது என்று அரசு தன் அறிவிப்பிலேயே தெளிவாக எழுதியது. சம்பளமும் படைத் தளபதிகளுக்கு உள்ளதேதான், தோளில் உள்ள நட்சத்திரங்களும் அதே நான்குதான். சமமானவர்களில் முதல்வர், அவ்வளவே.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் ராவத் இறந்தார். அடுத்தவராக ஜெனரல் அனில் சௌகான் பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30. நடுவில் 9 மாதத்துக்கும் மேலாக நாட்டின் உச்ச ராணுவப் பதவி காலியாகவே இருந்தது. எல்லையில் காவல் தடைபடவில்லை, கப்பல்கள் நின்றுவிடவில்லை. அன்றாடக் கட்டளை ஓட்டம் இந்த நாற்காலி வழியாகப் போவதில்லை என்பதால்தான் இது சாத்தியமானது. ஆனால் மூன்று படைகளையும் கூட்டுக் கட்டளையகங்களாக மாற்றி அமைக்கும் சீர்திருத்தம் இருக்கிறதே, அது அந்த மாதங்களில் சுணங்கிப்போனது. இந்தப் பதவியின் பயன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்திருக்க முடியாது.

எல்லா நாடுகளும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவில் அரசின் முடிவுகளை நிறைவேற்றப் படைகளுக்குப் போகும் எல்லா ஆணைகளும் பாதுகாப்புத் தலைமைத் தளபதி மூலமாகவே போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அங்கே அவர் நிஜமான கட்டளை அதிகாரி. 2024 ஜூலை முதல் அந்த நாற்காலியில் இருப்பவர் ஜெனரல் ஜெனி கரிஞான், ஜி-7 நாடுகளில் இந்த இடத்துக்கு வந்த முதல் பெண். பிரான்ஸிலும் ராணுவ நடவடிக்கைகளை நடத்துவது தலைமைத் தளபதியின் பொறுப்பு. ஜெர்மனியில் இந்தப் பதவி 1957-இல் உருவானபோது படைகள் மீது அதிகாரம் எதுவும் தரப்படவில்லை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் ஒரு தளபதியின் கையில் அதிகாரத்தைக் குவிக்க யாருக்குத்தான் மனம் வரும்? 2012-இல்தான் எல்லா ராணுவ வீரர்களுக்கும் அவர் மேலதிகாரி என்று ஆக்கினார்கள்.

இஸ்ரேலின் உதாரணம் வேறு மாதிரி. 1973 போரில் எகிப்தும் சிரியாவும் திடீரெனத் தாக்கியபோது ராணுவம் தயாராக இல்லை, ஏன் என்று விசாரித்த அக்ரநாத் ஆணையம் தலைமைத் தளபதி டேவிட் எலசாரைக் குறை சொன்னது, அவர் பதவி விலகினார். பாதுகாப்பு அமைச்சரின் மீது ஆணையம் அப்படிக் கை வைக்கவில்லை, அது மக்களிடையே பெரிய கோபத்தைக் கிளப்பியது. பிரதமர், அமைச்சர், தளபதி இவர்களில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், எதற்கு யார் பொறுப்பு என்று சட்டத்தில் தெளிவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1976-இல் ராணுவத்துக்கென ஒரு அடிப்படைச் சட்டம் கொண்டுவந்து, ராணுவம் அரசுக்குக் கட்டுப்பட்டது, தலைமைத் தளபதி பாதுகாப்பு அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவர் என்று எழுதினார்கள். நாடு உருவாகி 28 வருடம் ஆன பிறகு!

ஆலோசகராகவும் கட்டளை அதிகாரியாகவும் ஒரே ஆள் இருந்தால் என்ன சிக்கல் என்று ஜப்பானைக் கேட்கலாம். 2011 பூகம்பமும் சுனாமியும் வந்தபோது தற்காப்புப் படைகளின் கூட்டுத் தலைவர் ஒரு பக்கம் பிரதமருக்கும் அமைச்சருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, இன்னொரு பக்கம் களத்தில் இறங்கிய பெரும் படையை வழிநடத்த வேண்டியிருந்தது, மூன்றாவதாக அமெரிக்கப் படைகளோடும் ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதரால் முடிகிற காரியமா? அந்த அனுபவத்தின் நீட்சியாக 2025 மார்ச்சில் களத்தைக் கவனிப்பதற்கென்றே தனியாக ஒரு கூட்டு நடவடிக்கைக் கட்டளையகத்தை ஜப்பான் அமைத்தது. ஆலோசனை ஒருவர், களம் இன்னொருவர்.

இந்தப் பிரிவினை புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் தலைவர் ஜெனரல் ஜார்ஜ் மார்ஷல். ஐரோப்பாவுக்குள் நுழையும் நார்மண்டிப் படையெடுப்புக்கு அவரே தலைமை தாங்குவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள், அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். ஆனால் ரூஸ்வெல்ட், நீங்கள் வாஷிங்டனை விட்டுப் போனால் என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது என்கிற பொருளில் சொல்லி, மார்ஷலுக்குக் கீழே வேலை பார்த்த ஐசன்ஹோவரை அனுப்பினார். பெயரும் புகழும் பிறகு அதிபர் பதவியும் ஐசன்ஹோவருக்குப் போயின. எத்தனை டிவிஷன்களைத் திரட்டுவது, எந்தக் களத்துக்கு எத்தனை கப்பல், எந்தத் தளபதியை எங்கே போடுவது என்று போரின் அஸ்திவாரத்தைக் கட்டியவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மார்ஷல். உச்ச அதிகாரியின் வேலை போர்க்களத்தில் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, ஆலோசனை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அது அப்படி என்ன பெரிய விஷயம்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பதவியின் கடினமான பகுதி இதுதான். ஆட்சியாளர் கேட்க விரும்பாததை அவர் முகத்துக்கு நேரே சொல்வது, சொன்னதை அவர் ஏற்காவிட்டால் அவர் எடுத்த முடிவை முழு மனதோடு நிறைவேற்ற உதவுவது. இரண்டையும் சேர்த்துச் செய்வது சுலபம் இல்லை.

1971 ஏப்ரலில் கிழக்கு பாகிஸ்தானுக்குள் உடனே படையை அனுப்ப முடியுமா என்று இந்திரா காந்தி கேட்டதற்குத் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்று சொன்ன கதை பலருக்கும் தெரியும். மழைக்காலம் வரப்போகிறது, ஆறுகள் பெருகும், படைகள் சிதறிக் கிடக்கின்றன, அவகாசம் கொடுங்கள் என்று கேட்டதாக அவரே பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். அரசுக்குள்ளும் அதே எண்ணம் ஏற்கெனவே இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு, அது தனி விவாதம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு உதாரணம் பிரிட்டனில் 2003. இராக் மீது படையெடுக்க டோனி பிளேர் அரசு தயாராகிக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்புத் தலைமைத் தளபதி அட்மிரல் மைக்கேல் பாய்ஸ் போர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் போர் சட்டப்படி செல்லும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எனக்கு எழுத்தில் உறுதி வேண்டும் என்று கேட்டார். நாளைக்குத் தன் வீரர்கள் யாரும் நீதிமன்றக் கூண்டில் நிற்கக் கூடாது என்பது அவர் கவலை. அரசின் தலைமை வழக்கறிஞர் அதற்கு முன்பு கொடுத்திருந்த நீண்ட ஆலோசனையில் தயக்கங்கள் இருந்தன, பாய்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பதில் மட்டும் தெளிவாக, சட்டப்படி சரியே என்று இருந்தது. பாய்ஸ் போரை நிறுத்தவில்லை, நிறுத்துவது அவர் வேலையும் இல்லை. பொறுப்பு யாருடையது என்பதைக் காகிதத்தில் பதிவு செய்ய வைத்தார். பிற்காலத்தில் இராக் போர் பற்றி விசாரித்தவர்களுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியமானது என்று சொல்லத் தேவையில்லை.

ராணுவ ஆலோசனை எப்போதும் சரியாக இருக்கும் என்றும் இல்லை. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்கப் படைத் தளபதிகள் எல்லோரும் வான்வழித் தாக்குதலையே வலியுறுத்தினார்கள். கென்னடி கேட்டுக்கொண்டார், ஏற்கவில்லை, கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார். கியூபாவில் சோவியத் படைகளிடம் சிறிய ரக அணு ஆயுதங்களும் இருந்தன என்பது பல வருடங்களுக்குப் பிறகே அமெரிக்கர்களுக்குத் தெரிய வந்தது. தளபதிகள் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அந்தத் தளபதிகள் கெட்டவர்களோ முட்டாள்களோ இல்லை, தங்கள் கையில் இருந்த தகவலை வைத்து ராணுவக் கோணத்தில் சரியென்று பட்டதைச் சொன்னார்கள். கடைசி வார்த்தை சீருடை போடாதவரிடம் இருப்பது ஏன் என்பதற்கு இதுவே போதும்.

ஆலோசனையை எங்கே, யார் முன்னால் சொல்வது என்பதும் ஒரு பிரச்சினை. பிரான்ஸில் 2017 ஜூலையில், பாதுகாப்புச் செலவில் 85 கோடி யூரோ வெட்டப்படும் என்று அரசு சொன்னபோது தலைமைத் தளபதி ஜெனரல் பியர் தெ வில்லியே நாடாளுமன்றக் குழுவின் மூடிய கூட்டத்தில் கடுமையாகப் பேசினார். மூடிய கூட்டம்தான், ஆனால் விஷயம் வெளியே கசிந்தது. அதிபர் மக்ரோன் ராணுவத்தினர் கூடியிருந்த நிகழ்ச்சியிலேயே, உங்களுக்குத் தலைவர் நான்தான் என்று போட்டு உடைத்தார். ஒரு வாரத்துக்குள் தளபதி ராஜினாமா செய்தார். யார் பக்கம் நியாயம்? நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டால் ஒரு தளபதி உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதற்குத்தானே அந்தக் கூட்டம் என்பது என் கட்சி. ஆனால் மனசாட்சிப்படி ஏற்க முடியாத நிலை வந்தபோது அவர் கலகம் செய்யவில்லை, அறிக்கைப் போர் நடத்தவில்லை, விலகிப் போனார். ஜனநாயக நாட்டில் இந்தப் பதவியில் இருப்பவர் கையில் உள்ள கடைசி ஆயுதம் அந்த ராஜினாமா கடிதம்தான்.

இன்னொரு பொறியும் உண்டு, புகைப்படம். 2020 ஜூன் 1 அன்று வெள்ளை மாளிகைக்கு எதிரே போராடிக்கொண்டிருந்தவர்களைக் கலைத்த பிறகு அதிபர் டிரம்ப் பக்கத்துத் தேவாலயத்துக்கு நடந்து போனார், அவரோடு போனவர்களில் கூட்டுப் படைத் தலைவர் ஜெனரல் மார்க் மில்லியும் ஒருவர், அதுவும் களச் சீருடையில். சில நாளில் அவர், நான் அங்கே இருந்திருக்கக் கூடாது, ராணுவம் உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறது என்ற தோற்றத்தை அது உண்டாக்கிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நடை, ஒரு படம். அவர் எந்தக் கட்டளையும் இடவில்லை. ஆனாலும் அந்தச் சீருடை எங்கே நிற்கிறது என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது.

அன்றாட வேலை இவ்வளவு பரபரப்பாக இருக்காது. எந்தப் படைக்கு எந்த ஆயுதம் முதலில் வேண்டும், 10 வருடம் கழித்து என்ன மாதிரியான போர் வரும், பட்ஜெட்டில் எதை வெட்டலாம், எந்த அதிகாரியை மேலே கொண்டுவரலாம் என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம். அதைப் பற்றி நான் விவரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும், விட்டுவிடுவோம்.

ஆனால் ஒரு வேலை சுவாரசியமானது, எதிரி நாட்டுத் தளபதியோடு பேசுவது. பனிப்போரின் கடைசி வருடங்களில் அமெரிக்காவின் அட்மிரல் வில்லியம் குரோவும் சோவியத் தரப்பின் மார்ஷல் அக்ரோமியேவும் நட்பாகவே பழகினார்கள், 1988-இல் அக்ரோமியேவ் அமெரிக்காவுக்கு வந்து ராணுவத் தளங்களையெல்லாம் சுற்றிப் பார்த்தார். அதன் பலனாக 1989 ஜூனில், இரண்டு படைகளும் அருகருகே இயங்கும்போது தவறுதலாக மோதல் வெடித்துவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் ஒன்றை குரோ மாஸ்கோவில் கையெழுத்திட்டார். அரசியல்வாதிகள் பேசிக்கொள்ளாத நாட்களில்கூடத் தளபதிகளுக்கு இடையே ஒரு தொலைபேசி இணைப்பு இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். இதிலும் எல்லை எது என்ற தகராறு உண்டு. 2020 அக்டோபரிலும் 2021 ஜனவரியிலும் மில்லி சீனத் தளபதி லீ சுவோசெங்கை அழைத்து, அமெரிக்கா உங்களைத் தாக்கப்போவதில்லை என்று உறுதி சொன்னது வெளியானபோது, பதற்றத்தைக் குறைத்தார் என்று ஒரு தரப்பும் எல்லை மீறினார் என்று மறு தரப்பும் சண்டை போட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் விதிகள் வேலை செய்யும் நாடுகளைப் பற்றி. காகிதத்தில் ஒன்றும் நிஜத்தில் இன்னொன்றுமாக இருக்கும் நாடுகளும் நிறைய. பாகிஸ்தானில் 1976 முதல் கூட்டுப் படைத் தலைவர்கள் குழுத் தலைவர் என்று ஒரு பதவி இருந்தது. வரிசையில் அவர்தான் முதல், மரியாதை அணிவகுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் உண்மையான பலம் தரைப்படைத் தளபதியிடம்தான் என்று சொல்வார்கள், ஏனென்றால் சிப்பாய்களும் டாங்கிகளும் அவரிடம் இருந்தன. 1977-இல் ஆட்சியைப் பிடித்த ஜியா உல் ஹக், 1999-இல் பிடித்த முஷாரஃப் இருவருமே தரைப்படைத் தளபதிகள். (முஷாரஃப் அப்போது கூட்டுக் குழுத் தலைவர் பொறுப்பையும் சேர்த்தே வைத்திருந்தார் என்பது வேறு.) 2025 நவம்பரில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, அந்தக் கூட்டுத் தலைவர் பதவியை ஒழித்து, தரைப்படைத் தளபதியே முப்படைகளுக்கும் தலைவர் என்று ஆக்கிவிட்டார்கள். உயரமும் அதிகாரமும் ஒரே நாற்காலியில், எழுத்துப்பூர்வமாகவே.

மியான்மரில் 2008 அரசியல் சாசனம் நாடாளுமன்ற இடங்களில் நான்கில் ஒரு பங்கை ராணுவத்துக்கு ஒதுக்கியது, அந்த உறுப்பினர்களை நியமிப்பவர் தலைமைத் தளபதி. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய 3 அமைச்சர்களையும் அவரே தேர்ந்தெடுத்தார். அமைச்சர் தளபதிக்கு மேலானவர் என்ற வழக்கமான ஏணி அங்கே தலைகீழ். 2021 பிப்ரவரி 1 அன்று தளபதி மின் ஆங் ஹ்லைங் ஆட்சியைப் பிடித்தபோது அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, வேண்டியதெல்லாம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. சீனாவின் ஏற்பாடு மூன்றாவது வகை. அங்கே ராணுவம் கட்சியின் படை, மத்திய ராணுவ ஆணையத்தின் தலைவராக இருப்பவர் கட்சித் தலைவர் ஷி ஜின்பிங், தளபதிகள் எல்லோரும் அவருக்குக் கீழேதான்.

உயர்வு கொடுத்தே ஒருவரை ஒதுக்கவும் முடியும். இலங்கையில் 2009-இல் போர் முடிந்த சில வாரங்களில், அதுவரை தரைப்படைத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற பதவிக்கு உயர்த்தப்பட்டார். வெளியே பார்த்தால் பெரிய கௌரவம். ஆனால் படை கையை விட்டுப் போய், ஒருங்கிணைப்பு வேலை மட்டும் மிஞ்சியது, அந்த மனக்குறையை அவர் மறைக்கவும் இல்லை. அந்த வருடம் நவம்பரிலேயே விலகி, 2010 ஜனவரி தேர்தலில் அதிபர் மகிந்த ராஜபக்சவை எதிர்த்தே நின்று தோற்றார்.

தோளில் உள்ள நட்சத்திரங்களை எண்ணி ஆளை எடை போடவும் முடியாது. இஸ்ரேலின் தலைமைத் தளபதி அணியும் பதவிநிலை மற்ற நாடுகளின் லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சமமாகத்தான் மொழிபெயர்க்கப்படுகிறது, நியூசிலாந்திலும் அப்படியே மூன்று நட்சத்திரம்தான். கொரியப் போர் சமயத்தில் அமெரிக்காவுக்கே ஒரு சங்கடம் வந்தது. கூட்டுப் படைத் தலைவர் பிராட்லிக்கு நான்கு நட்சத்திரம், களத்தில் இருந்த மெக்கார்தருக்கு 1944 முதலே ஐந்து. வாஷிங்டனில் இருப்பவர் களத்தில் இருப்பவரைவிடக் கீழே இருந்தால் எப்படி? 1950 செப்டம்பரில் பிராட்லிக்கும் ஐந்தாவது நட்சத்திரம் கொடுத்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் யாருக்கும் அது கொடுக்கப்படவில்லை. சீனா மீது போரை விரிக்க வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசிக்கொண்டே இருந்த மெக்கார்தரை 1951 ஏப்ரலில் ட்ரூமன் நீக்கியபோது அவருடைய ஐந்து நட்சத்திரம் அவரைக் காப்பாற்றவில்லை, பிராட்லியும் மற்றத் தளபதிகளும் அதிபர் பக்கமே நின்றார்கள்.

யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் அதிபர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் ஒப்புதல் தர வேண்டும், ஆனால் நீக்குவதற்கு அதிபர் ஒருவரே போதும். 2025 பிப்ரவரியில் ஜெனரல் சார்லஸ் பிரவுனை டிரம்ப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கி, ஓய்வு பெற்றிருந்த லெப்டினன்ட் ஜெனரல் டான் கெய்னைக் கொண்டுவந்தார். குழுவின் துணைத் தலைவராகவோ படைத் தளபதியாகவோ கூட்டுக் கட்டளையகத் தளபதியாகவோ இருந்தவர்தான் இந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது பொது விதி, நாட்டு நலனுக்குத் தேவை என்றால் அதிபர் அதைத் தளர்த்தலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. இந்தியாவும் 2022 ஜூனில் விதியைத் திருத்தி, 62 வயதுக்குட்பட்ட ஓய்வு பெற்ற மூன்று நட்சத்திர அதிகாரிகளும் தலைமைத் தளபதி ஆகலாம் என்றது, சௌகான் வந்தது அப்படித்தான்.

ஓய்வுக்குப் பிறகு என்ன? அமெரிக்கச் சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. முன்னாள் ராணுவ அதிகாரி பாதுகாப்பு அமைச்சராக வேண்டுமென்றால் சீருடையைக் கழற்றி 7 வருடம் ஆகியிருக்க வேண்டும், ஜெனரல், அட்மிரல் நிலையில் இருந்தவர் என்றால் 10 வருடம். காங்கிரஸ் தனியாக விலக்கு கொடுத்தால்தான் மீறலாம், 1950-இல் மார்ஷலுக்கும் 2017-இல் ஜேம்ஸ் மேட்டிஸுக்கும் 2021-இல் லாயிட் ஆஸ்டினுக்கும் கொடுத்தார்கள். வெளியுறவு அமைச்சர் பதவிக்கு அப்படித் தடை எதுவும் இல்லை, 1993-இல் கூட்டுப் படைத் தலைவராக ஓய்வு பெற்ற காலின் பவல் 2001-இல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.